வகுப்பறையில் இணையக் கூட்டுப் பலகை: கேள்வி எழுதுவது முதல் பலகையை அழிப்பது வரை முழு வழிகாட்டி

நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால், கை தூக்குவது எப்போதும் அதே ஐந்தாறு பேர்தான். மற்றவர்களுக்குப் பதில் தெரியாது என்று அர்த்தமில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் பக்கத்து பெஞ்சு சிரிக்குமே என்ற பயம் பலருக்கு. இன்னும் பலர் யோசித்து முடிப்பதற்குள் முன்வரிசைப் பிள்ளை பதிலைச் சொல்லிவிடுகிறது. இப்படி வாய் திறக்காத பிள்ளைகளை எழுத வைப்பதில் இணையக் கூட்டுப் பலகைக்கு ஈடான கருவியை நான் பார்த்ததில்லை. கடலூரில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியராக இதை வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். இந்தப் பக்கத்து ஆசிரியர்களும் புதுச்சேரி ஆசிரியர்களும் நாளைக்கே தொடங்கும் அளவுக்கு விவரமாக எழுதுகிறேன்.

பலகை என்பது இணையத்தில் ஒரு காலிப் பக்கம். லிங்க் கையில் உள்ள யாரும் அதில் சீட்டு ஒட்டலாம். சீட்டில் இரண்டு வரி எழுதலாம், படம் போடலாம், குரலைப் பதிவு செய்து வைக்கலாம். ஒருவர் ஒட்டியது அடுத்த நொடியே எல்லோர் திரையிலும் தெரியும். தொழில்நுட்பம் இவ்வளவுதான், கற்றுக்கொள்ள ஒரு ஃப்ரீ பீரியட் போதும். உழைப்பு கேட்பவை இரண்டு: பலகையில் போடும் கேள்வி, பலகை நிறைந்த பிறகு வகுப்பில் நடக்கும் பேச்சு. அந்த இரண்டையும்தான் கீழே நீட்டி எழுதியிருக்கிறேன்.

எந்தப் பலகை?

ஆசிரியர்கள் பரவலாகப் பயன்படுத்துவது பேட்லெட். முதலில் வால்விஷர் என்ற பெயரில் வந்தது இதுதான். பிள்ளைகள் கணக்குத் தொடங்காமலே எழுதலாம் என்பது இதன் பெரிய வசதி. நமக்கு மிக முக்கியமானதும் அதுதான். இலவசக் கணக்கில் 3 பலகைகள்தான் வைத்துக்கொள்ள முடியும். போதும். முடிந்த பலகையைப் பிடிஎஃப் ஆக எடுத்துக்கொண்டு, சீட்டுகளை மொத்தமாக நீக்கிவிட்டு, அதையே அடுத்த பாடத்துக்குப் பயன்படுத்தலாம்.

பேட்லெட் வேண்டாம் என்றால் கூகுள் ஸ்லைட்ஸ் ஒன்றைத் திறந்து, பிள்ளைக்கு ஒரு ஸ்லைடு என்று ஒதுக்கி, லிங்க் உள்ளவர்கள் திருத்தலாம் என்று வைத்து அனுப்பலாம். ஆனால் ஒரு பிள்ளையின் ஸ்லைடை இன்னொரு பிள்ளை தெரியாமல் அழித்துவிடும் ஆபத்து அதில் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்திருக்கும் பள்ளிகளில் மைக்ரோசாஃப்ட் வைட்போர்டு இருக்கிறது. கூகுளின் ஜாம்போர்டைப் பற்றிப் பழைய பயிற்சிக் கையேடுகளில் படித்திருப்பீர்கள். அதை 2024 டிசம்பர் 31 உடன் கூகுள் மூடிவிட்டது. எந்த இலவசச் சேவையையும் நம்பிப் பிள்ளைகளின் வேலையை அங்கேயே விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

முதலில் கேள்வியை எழுதுங்கள்

கணினியைத் திறக்கும் முன் நோட்டில் கேள்வியை எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பேரிடர் மேலாண்மைப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். "புயலால் ஏற்படும் பாதிப்புகள் யாவை?" என்று பலகையில் போட்டால் என்ன வரும்? புத்தகத்தில் உள்ள ஐந்து வரி நாற்பது தடவை வரும். கொஞ்சம் விவரமான பிள்ளை சாட்ஜிபிடியிலிருந்து எடுத்து ஒட்டும். அந்தக் கேள்விக்குப் பலகையே தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

அதையே இப்படிக் கேளுங்கள்: "தானே புயலில் உங்கள் வீட்டில் எதை இழந்தீர்கள்? வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்னபடியே இரண்டு வரி எழுதுங்கள்."

தானே 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. இப்போது ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள், மற்றவர்கள் கைக்குழந்தைகள். ஆனால் அவர்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் அந்த இரவு நினைவிருக்கிறது. வந்த சீட்டுகளில் ஒன்று இது: "எங்க பலா மரம் வேரோட சாஞ்சுது. அப்பா அழுததை அம்மா அன்னிக்குதான் முதல்ல பாத்தாங்களாம்." பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் பிள்ளை எழுதியது. பலாவும் முந்திரியும் எத்தனை வருட உழைப்பு என்பதைப் புத்தகத்தின் எந்தப் பத்தியும் இப்படிச் சொல்லிவிட முடியாது. இன்னொரு சீட்டு: "கரண்ட் வர பல நாள் ஆச்சு. ஜெனரேட்டர் வச்சிருந்த கடையில காசு குடுத்து செல்போன் சார்ஜ் போட்டோம்னு தாத்தா சொன்னார்."

நல்ல கேள்விக்கு நான் பார்ப்பது மூன்று விஷயம். புத்தகத்தைத் திறந்தால் பதில் கிடைக்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு பதில் இருக்க வேண்டும், அதனால் ஒருவர் பதில் இன்னொருவர் பதிலைத் தப்பாக்கிவிடாது. பதில் இரண்டு மூன்று வரிக்குள் அடங்க வேண்டும். பெரிய விடை எழுதச் சொன்னால், எழுதத் தயங்கும் பிள்ளை பழையபடி ஒதுங்கிவிடும்.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தும். அறிவியலில், "உங்கள் சமையலறையில் அமிலம் எது, காரம் எது என்று நினைக்கிறீர்கள்? ஏன்?" கணக்கில், "இந்தக் கணக்கில் எந்த வரியில் உங்களுக்குப் புரியாமல் போகிறது?" இந்தக் கணக்குக் கேள்விக்குப் பெயர் தெரியாமல் பதில் வாங்குங்கள். முப்பது பேர் ஒரே வரியைக் காட்டினால், நாளைக்கு எதை மறுபடி நடத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். தமிழில், "உங்கள் ஊரில் மட்டும் சொல்லும் ஒரு சொல்லை எழுதுங்கள்" என்று கேட்டால் மீனவர் குடியிருப்புப் பிள்ளைகள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வைத்திருக்கும் பெயர்களைக் கொட்டுவார்கள். தேவனாம்பட்டினம் பிள்ளைகள் வகுப்பில் ஆசிரியராகவே மாறிவிடும் பாடம் அது.

ஒரு எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி இப்படிக் கேட்கலாமா என்று யோசித்திருக்கிறேன். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். வகுப்பில் இருக்கும் பிள்ளையின் அத்தையோ மாமாவோ அதில் போயிருக்கலாம். எல்லோரும் பார்க்கும் பலகையில் அந்தக் கேள்வியை நான் போடுவதில்லை. பேச விரும்பும் பிள்ளை தனியாக எழுதிக் கொடுக்கட்டும்.

பலகையைத் தயார் செய்வது

1. பேட்லெட் தளத்தில் உங்கள் கூகுள் கணக்கைக் கொண்டு நுழையுங்கள். முடிந்தால் பள்ளி வேலைக்கென்று தனி ஜிமெயில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் படங்கள் இருக்கும் கணக்கைப் புரொஜெக்டரில் திறக்க நேரக் கூடாது.

2. புதுப் பலகைக்கான பொத்தானை அழுத்தினால் வடிவம் கேட்கும். முதல் முறைக்கு 'வால்' போதும்: சீட்டுகள் செங்கல் போல அடுக்கிக்கொண்டே போகும். பதில்களைப் பிரித்து வைக்க வேண்டுமென்றால் 'காலம்ஸ்', அதாவது தலைப்பு போட்ட பத்திகள். ஊர் ஊராகக் குறிக்க 'மேப்', ஆண்டு வரிசைக்கு 'டைம்லைன்'.

3. தலைப்பில் பாடத்தின் பெயரைப் போடாதீர்கள். கேள்வியையே போடுங்கள். கீழே உள்ள விளக்கத்தில் மூன்று வரி: எத்தனை வரி எழுத வேண்டும், பெயருக்குப் பதில் என்ன போட வேண்டும், எப்போது பலகை மூடப்படும்.

4. முதல் சீட்டை நீங்களே ஒட்டுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். காலிப் பலகையைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கை வராது. உங்கள் வீட்டு அனுபவத்தைச் சாதாரணப் பேச்சுத் தமிழில் இரண்டு வரி எழுதினால், அதே நடையில் அவர்களும் எழுதுவார்கள். நீங்கள் இலக்கணச் சுத்தமாக எழுதினால் பயந்துபோய்ப் புத்தகத்தைத் தேடுவார்கள்.

5. செட்டிங்ஸில் சீட்டுகளுக்கு ஆசிரியர் ஒப்புதல் வேண்டும் என்று வையுங்கள். பிள்ளை எழுதியதை நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். கெட்ட வார்த்தைகளை மறைக்கும் வசதி தனியாக இருக்கிறது, அதையும் போட்டுவையுங்கள். ஆனால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் அது பிடிக்கும் என்று நம்பாதீர்கள். உங்கள் கண்தான் நல்ல வடிகட்டி.

6. கருத்துப் பெட்டியை முதல் முறை அணைத்துவிடுங்கள். ஒருவர் சீட்டுக்குக் கீழே இன்னொருவர் எழுதுவதற்கு வகுப்பு பழகியிருக்க வேண்டும். பிறகு திறக்கலாம்.

7. பகிரும் இடத்தில் பலகையை 'சீக்ரெட்' (லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்ப்பது) என்று வைத்து, வருபவர்களுக்கு எழுத மட்டும் அனுமதி கொடுங்கள். அடுத்தவர் சீட்டைத் திருத்தும் அனுமதி வேண்டாம். லிங்க்கையும் க்யூஆர் கோடையும் அங்கேயே எடுக்கலாம்.

வகுப்புக்கு முன்பு உங்கள் ஃபோனிலிருந்து, கணக்கிலிருந்து வெளியேறி, ஒரு பிள்ளையைப் போல அந்த லிங்க்கைத் திறந்து ஒரு சீட்டு ஒட்டிப் பாருங்கள். பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

பிள்ளைகளின் விவரம் வெளியே போகக் கூடாது

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் விவரத்தை ஒரு நிறுவனம் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். ஆகவே பிள்ளைகளின் பெயரில் கணக்கே தொடங்க வேண்டாம். முழுப் பெயர் வேண்டாம், செல்போன் எண் வேண்டாம், முகம் தெரியும் படம் வேண்டாம். நான் செய்வது: ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரத்தின் பெயரையோ மீனின் பெயரையோ வைத்துக்கொள்ளும். எந்தப் பெயர் யாருடையது என்ற பட்டியல் என் நோட்டில் மட்டும் இருக்கும். கூச்சப்படும் பிள்ளைகள் வஞ்சிரமாகவும் புன்னையாகவும் தைரியமாக எழுதுகிறார்கள்.

எச்.எம்.மிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் பலகையைத் திறந்தே காட்டுங்கள். பார்த்துவிட்டால் அவர்களுக்குச் சந்தேகம் இருக்காது.

தமிழில் எழுத வைப்பது

ஃபோனில் ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகைச் செயலியில் தமிழைச் சேர்த்தால் போதும். தட்டத் தெரியாத பிள்ளை மைக்கை அழுத்திப் பேசலாம். ஊர்ப் பேச்சைச் சில இடங்களில் தப்பாக எழுதும். ஒரு தடவை படித்துத் திருத்தச் சொல்லுங்கள், அதுவும் ஒரு மொழிப் பயிற்சிதான். லேப் கணினியில் விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். 1999-ல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் என்று இருப்பதால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் தட்டிய வினாத்தாளிலிருந்து எதையும் பலகையில் ஒட்டாதீர்கள். ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். யூனிகோடில் தட்டியது மட்டும்தான் சரியாகத் தெரியும்.

எதுவும் வேண்டாம் என்றால், பேப்பரில் கையால் எழுதிப் படம் எடுத்து ஒட்டலாம். கையெழுத்துச் சீட்டுகள் நிறைந்த பலகை பார்க்கவே அழகு.

வகுப்பில் நடத்துவது

பள்ளிக்குள் பிள்ளைகள் செல்போன் கொண்டுவரக் கூடாது. அதனால் நமக்கு மூன்று வழிதான்.

ஹை-டெக் லேப் இருந்தால் ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர். ஒருவர் சொல்ல ஒருவர் தட்ட வேண்டும், பிறகு மாற வேண்டும். லிங்க்கை நீளமாகப் போர்டில் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். முந்தைய நாளே ஒவ்வொரு கணினியின் முகப்பிலும் போட்டு வையுங்கள். இருபது கணினி ஒரே நேரத்தில் திறந்தால் நெட் திணறும். ஆகவே வரிசை வரிசையாகத் திறக்கச் சொல்லுங்கள்.

லேப் கிடைக்காத நாளில் உங்கள் லேப்டாப், ஃபோன் ஹாட்ஸ்பாட், ஒரு புரொஜெக்டர் அல்லது ஸ்மார்ட் போர்டு. பிள்ளைகள் துண்டுச் சீட்டில் எழுதுவார்கள். வேகமாகத் தட்டும் இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து ஏற்றுவார்கள். என் அனுபவத்தில் இந்த முறை லேபுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. தன் வரி திரையில் வரும் வரை பிள்ளைகள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது, வீட்டு வேலை. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போய்விடும். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே ஃபோன் அப்பாவோடு கடலுக்கோ வேலைக்கோ போயிருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் பிள்ளை கைக்கு வரும். அதனால் ஒரே நாள் கெடு வைக்காதீர்கள், ஒரு வாரம் கொடுங்கள். ஃபோனே இல்லாத பிள்ளை பேப்பரில் எழுதிக் கொண்டுவந்தால் அதை நீங்கள் ஏற்றுங்கள், அதுவும் மற்றதோடு சேர்ந்து ஒரே மாதிரித் தெரியட்டும். மழைக்கு லீவு விட்ட நாளில் பலகை வேலை கொடுப்பது கூடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் எத்தனை வீட்டில் கரண்ட் இருக்கும், எத்தனை வீட்டில் தண்ணீர் நிற்கும் என்று நமக்குத் தெரியாதா?

பலகை நிறைந்த பிறகு

பெரும்பாலான பலகைகள் செத்துப்போவது இந்த இடத்தில்தான். சீட்டுகள் வந்தன, "வெரி குட்" என்று சொன்னோம், மணி அடித்தது. அடுத்த முறை பிள்ளைகள் ஒப்புக்கு எழுதுவார்கள். தான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று தெரிந்தபிறகு எதற்கு யோசித்து எழுத வேண்டும்? எழுத எடுத்த அளவு நேரத்தைப் படிக்கவும் ஒதுக்குங்கள். எழுத இருபது நிமிடம் என்றால் மீதிப் பீரியட் முழுக்கப் பேச்சுக்கு.

முதலில் எல்லாச் சீட்டுகளையும் சத்தமாகப் படியுங்கள், அல்லது பிள்ளைகளை மாற்றி மாற்றிப் படிக்க வையுங்கள். யார் எழுதியது என்று கேட்காதீர்கள். விரும்பினால் அவர்களே சொல்வார்கள். பிறகு பலகையைப் 'காலம்ஸ்' வடிவுக்கு மாற்றி, "இதில் எவையெல்லாம் ஒன்றாகப் போகும்?" என்று வகுப்பைக் கேளுங்கள். தானே பலகையில் பிள்ளைகள் வைத்த தலைப்புகள் கூரை, மரம், கரண்ட், தண்ணீர். சீட்டுகளை அவர்கள் சொல்லச் சொல்ல நகர்த்தினேன். சற்று நேரத்தில் ஒரு பெண் எழுந்து, "சார், மாடி வீட்டுக்காரங்க எல்லாம் கரண்ட்ல இருக்காங்க, குடிசை வீடெல்லாம் கூரையில இருக்கு" என்றாள். அதுவரை அந்த வகுப்பில் அவள் தானாக எழுந்து பேசியதில்லை.

ஒரே புயல், ஒரே ஊர், ஆனால் இழப்பு ஒன்றல்ல. இடர் வேறு, அதனால் பாதிக்கப்படும் தன்மை வேறு என்று பாடத்தில் வரும் கடினமான பகுதியை அந்தப் பெண் பத்து வார்த்தையில் சொல்லிவிட்டாள். அதன் பிறகு நான் புத்தகத்தைத் திறந்தபோது வகுப்பில் ஒருவருக்கும் அந்தப் பக்கம் புதிதாக இல்லை. பலகையிலிருந்து பாடத்துக்குப் போக வேண்டும். பாடத்தை முடித்துவிட்டுப் பலகைக்கு வந்தால் இது நடக்காது.

மதிப்பெண் போடாதீர்கள். லைக், நட்சத்திரம் போன்ற வசதிகளும் வேண்டாம் என்பதுதான் என் முடிவு. யாருக்கு அதிகம் விழுந்தது என்று எண்ணத் தொடங்கிவிட்டால், எழுதத் தயங்கிய பிள்ளை மறுபடி கூட்டுக்குள் போய்விடும்.

ஆற்றுக்கு அக்கரை

இரண்டு மூன்று பலகை பழகிய பிறகு வேறொரு பள்ளியோடு சேர்ந்து செய்யுங்கள். கடலூருக்கு இதில் ஒரு வாய்ப்பு: தென்பெண்ணையைத் தாண்டினால் புதுச்சேரியின் பாகூர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி இரு கரையிலும் ஊருக்குள் புகுந்தது. ஆறு ஒன்று, வெள்ளம் ஒன்று, அரசு நிர்வாகம் இரண்டு. இந்தப் பக்கம் மாநிலப் பாடத்திட்டம், அந்தப் பக்கம் அரசுப் பள்ளிகளில் இப்போது சிபிஎஸ்இ. பாடப்புத்தகம் வேறாக இருக்கும் இரண்டு வகுப்பு ஒரே 'மேப்' பலகையில் "தண்ணீர் எங்கள் ஊரில் எது வரைக்கும் வந்தது?" என்று குறித்தால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரைபடம் ஒன்று பிள்ளைகளாலேயே உருவாகும்.

அதற்கு இரண்டு விதி. குறி வைப்பது ஊர்ப் பொது இடத்தில் மட்டும்: கோயில், பஸ் ஸ்டாப், டீக்கடை முனை. வீட்டைக் குறிக்கவே கூடாது. அடுத்தது, இரண்டு ஆசிரியர்களும் ஒப்புதல் கொடுக்கும் வேலையை நாள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் விட்டுவிட, சீட்டுகள் பலகைக்கே வராமல் கிடக்கும். காரைக்கால் பள்ளியோடும் இப்படிச் செய்யலாம்.

முடித்து எடுத்து வைப்பது

கெடு முடிந்ததும் 'ஃப்ரீஸ்' போட்டுப் பலகையைப் பூட்டுங்கள். அதன் பிறகு யாரும் எழுதவோ மாற்றவோ முடியாது. ஏற்றுமதித் தெரிவில் பிடிஎஃப் எடுங்கள். சீட்டுகளைப் பட்டியலாகப் பார்க்க எக்செல் கோப்பாகவும் எடுக்கலாம். எந்தப் பிள்ளை இதுவரை எழுதவே இல்லை என்பதை உங்கள் நோட்டுப் பட்டியலோடு ஒப்பிட அதுதான் வசதி. எழுதாத பிள்ளையை வகுப்பில் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். இடைவேளையில் தனியாகக் கேளுங்கள். ஃபோன் இல்லாமல் இருக்கலாம், கேட்பதற்கு வீட்டில் பெரியவர் இல்லாமல் இருக்கலாம்.

பிடிஎஃப் ஒன்றை நெட் சென்டரில் பெரிய தாளில் பிரிண்ட் போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். ஃபோன் இல்லாத வீட்டுப் பெற்றோர் படிப்பது அதைத்தான். சீட்டுகளை உங்கள் பென் டிரைவிலும் ஒரு பிரதி போட்டுக்கொண்டு, கல்வியாண்டு முடிவதற்குள் இணையத்தில் உள்ள பலகையை நீக்கிவிடுங்கள்.